தரப்பாளா, கூடாரமா? தை மாதக் குளிரில் மலையில் படுப்பதற்கு முன் ஒரு கணக்கு

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடி. தண்ணீர்த் தாங்கிக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் இடையில் கயிறு கட்டி, புதிதாக வாங்கிய தரப்பாளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், சாம்பல் நிறம். சுருட்டினால் ஓர் இறாத்தல் பாணைவிடச் சிறியது. நிறையும் ஏறக்குறைய அந்தப் பாணின் நிறைதான். துணி எடுக்க மேலே வந்த அம்மா சற்று நேரம் நின்று பார்த்தார்.

"இதற்குக் கீழே படுக்கவா காசு கொடுத்து வாங்கினாய்?"

1995 ஒக்ரோபர் இறுதியில், போர்க்கால இடப்பெயர்வில், யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டு, அந்த மாரி முழுவதையும் தென்மராட்சியில் யாரோ ஒருவரின் வளவுக்குள் தரப்பாளுக்குக் கீழே கழித்தவர் அவர். அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. துணியை மடித்துக்கொண்டே அவர் சொன்னதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்: "காற்று வருகிற பக்கத்தை நிலத்தோடு இறக்கிக் கட்டு. நடுவில் தொய்ய விடாதே. தேங்குகிற தண்ணீர் முழுவதும் உன் தலையில்தான் கொட்டும்." நான் பார்த்த காணொளிகளில் பாதி நேரம் இதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்லியிருந்தார்கள்.

விடயம் இதுதான். தைப்பொங்கல் விடுமுறையை ஒட்டி நான்கு பேர், மலையில் இரண்டு இரவுகள். இடம் ஹோர்ட்டன் சமவெளியா, நக்கிள்ஸ் மலைத்தொடரா என்பது முடிவாகவில்லை. எதற்குக் கீழே படுப்பது என்பதிலும் நான்கு பேருக்கு நான்கு கருத்து. ஒருவன் கூடாரம் வாடகைக்கு எடுக்கலாம் என்கிறான். இன்னொருவன் தொங்கு படுக்கை ஒன்றை வாங்கிவிட்டு, ஆறு மாதமாக அதைக் கட்டுவதற்கு மரம் தேடிக்கொண்டிருக்கிறான். ஹட்டனில் பிறந்து கொட்டாஞ்சேனையில் வேலை செய்யும் நண்பனுக்கோ அந்தக் குளிரில் வெளியே படுப்பதே பைத்தியக்காரத்தனம். "எங்கள் தாத்தா அந்தக் குளிரில் வெளியே நின்றது சம்பளத்துக்காக, மச்சான். நீங்கள் சம்பளத்தைச் செலவழித்து நிற்கப் போகிறீர்கள்" என்கிறான். நான் தரப்பாள் கட்சி. ஆனால் கட்சிக்காரன் எழுதும் ஒப்பீட்டை யாரும் நம்பமாட்டார்கள் என்பதால், தரப்பாள் என்னைக் கைவிட்ட இரவையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் குளிரின் கணக்கு. கொழும்பில் தை மாத இரவு 22 பாகை செல்சியஸுக்கு இறங்கினாலே மின்விசிறியை நிறுத்திவிடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுவான கணக்கு. ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்தக் கணக்கின்படி அங்கே எட்டு அல்லது ஒன்பது பாகை இருக்கவேண்டும். தையிலும் மாசியிலும் வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும் இரவுகளில் இந்தக் கணக்குப் பொய்த்துவிடும். புல் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் உறைபனி முதலில் பள்ளத்துப் புல்லில் வெள்ளையாகப் படிவது இதனால்தான். அதே நேரத்தில் சற்று மேலே, மரங்களின் ஓரத்தில், புல் வெறுமனே ஈரமாக இருக்கும்.

இதில் தரப்பாளுக்குச் சாதகமான ஒன்று உண்டு. கொழும்பிலேயே பார்க்கலாம்: இரவில் வெட்டவெளியில் நிறுத்திய காரின் கூரை விடியலில் நனைந்திருக்கும், மாமரத்தடியில் நிறுத்திய கார் காய்ந்திருக்கும். மரம் காருக்கும் வானத்துக்கும் நடுவில் நின்று மறைத்துவிட்டது. தலைக்கு மேலே விரித்த மெல்லிய துணியும் அதையேதான் செய்கிறது. பனி தரப்பாளின் மேற்பக்கத்தில் படியும், உங்கள் போர்வையில் படியாது. இந்த ஒரு வேலைக்கு 450 கிராம் துணியும் மூன்று கிலோ கூடாரமும் ஒன்றுதான்.

வித்தியாசம் காற்றில் வருகிறது. நான்கு பக்கமும் மூடிய கூடாரத்துக்குள் வெளியைவிட இரண்டு, மூன்று பாகை கூடுதலாக இருக்கும். அதைவிடப் பெரியது, காற்று உடம்பில் படாது என்பது. தரப்பாளுக்குக் கீழே வெப்பமானி காட்டுவது வெளியின் குளிரைத்தான். காற்றின் திசை மாறினால் அது நேராக உள்ளே வரும். எனவே தரப்பாளை எடுத்துக்கொள்பவர் தன் குளிர் முழுவதையும் தூங்குபையாலும் பாயாலும் சமாளிக்கவேண்டும். வீட்டின் சுவர்களைக் கழற்றி உடம்பில் உடுத்துக்கொள்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நக்கிள்ஸின் குணம் வேறு. அதன் உச்சியான கொம்பானிய 1,906 மீட்டர்தான். ஆட்கள் இரவு தங்கும் இடங்கள் அதைவிட நன்றாகக் கீழே இருக்கின்றன. உறைபனிக்குப் பயப்படவேண்டியதில்லை. ஆனால் மார்கழியிலும் தையிலும் வடகீழ்ப் பருவக்காற்று அதன் கிழக்குச் சரிவுகளில் மோதி மழையாகக் கொட்டும். கண்டியில் வெயில் அடிக்கும் அதே நாளில் மலைக்கு அந்தப் பக்கம் எதிரே வருபவர் தெரியாத அளவுக்கு முகில் மூடியிருக்கும். பன்னிரண்டு பாகை, நனைந்த சட்டை, விடாத காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால் நல்ல இளைஞனையும் நடுங்கவைத்து, பேச்சைக் குழறவைத்து, கடைசியில் நடுக்கம்கூட நின்றுபோகும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். பூச்சியத்துக்குக் கீழே போனால்தான் குளிர் ஆளைக் கொல்லும் என்று நினைப்பது வெப்ப நாட்டவர் நமக்குள்ள பெரிய தவறான எண்ணம்.

ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா முறை, அல்கொன்குவின் பூங்காவில் பனிக்காலத்தில் தரப்பாளுக்குக் கீழே படுப்பவர். கழித்தல் 15 பாகையில் படுக்கும் அவரிடம் எங்கள் எட்டுப் பாகையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "உங்களுடையதுதான் கடினம்" என்றார். அங்கே அந்தக் குளிரில் விழுவது உலர்ந்த பனி. தட்டினால் உதிர்ந்துவிடும், எதையும் நனைக்காது. கூரையைச் செங்குத்தாகக் கட்டினால் பனி தானாகச் சரிந்து விழும். தட்டையாகக் கட்டினால் பாரம் ஏறிக் கயிறு அறும். பனியில் முளை நிற்காது என்பதால் தடியொன்றில் கயிற்றைக் கட்டிப் படுக்கையாகப் புதைத்து, மேலே மிதித்து இறுக்கி, அது உறையும்வரை பொறுத்திருக்கவேண்டுமாம். காற்று வரும் பக்கத்தில் பனியையே வெட்டி மதிலாக அடுக்கிவிடுகிறார்கள். ஐந்து பாகையில் பக்கவாட்டாக அடிக்கும் மழைக்கு இப்படியொரு வசதி இல்லை. நீரில் மதில் கட்டமுடியாது.

இனிக் கூடாரம். வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இருவர் படுக்கக்கூடிய, வளைதடி இரண்டு போட்ட குவிமாடக் கூடாரங்கள். நிறை இரண்டரை முதல் மூன்று கிலோ. இவற்றின் பெரிய நன்மை, அனுபவமில்லாதவரும் பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிடலாம் என்பது. தரையில் முளை இறங்காவிட்டாலும் தானாக நிற்கும். அட்டை உள்ளே வராது. இருட்டில் எதுவோ புல்லை மேயும் சத்தம் கேட்கும்போது, அந்த மெல்லிய துணிச்சுவர் எதையும் தடுக்காது என்று தெரிந்திருந்தும் மனதுக்கு ஓர் ஆறுதல்.

அதன் குறை, உள்ளேயே மழை பெய்வது. இருவர் இரவு முழுவதும் மூச்சுவிட்டால் ஆளுக்கு ஒரு குவளைக்குக் குறையாத நீர் ஆவியாகப் போகிறது. குளிருக்குப் பயந்து வாயிலையும் சாளரத்தையும் இழுத்து மூடினால் அந்த ஆவி முழுவதும் குளிர்ந்த கூரையில் துளியாகி, அசையும்போதெல்லாம் முகத்தில் சொட்டும். போன வருடம் ஓரிடத்தில் வாடகைக்கு எடுத்த கூடாரம் இரவு பதினொரு மணிக்கு ஒழுகத் தொடங்கியது. மழைதான் உள்ளே வருகிறது என்று நானும் நண்பனும் ஒரு மணி நேரம் சண்டை பிடித்தோம். வெளியே போய்ப் பார்த்தால் வானம் நிறைய நட்சத்திரம். பாதி எங்கள் மூச்சு. மீதிப் பாதி, தையலோரத்தில் உரிந்துபோயிருந்த பட்டி வழியே முன்னிரவு மழை இறங்கித் தரைத்துணியில் தேங்கியது. வாடகைக்கு எடுப்பவர்கள் கடையிலேயே கூடாரத்தை விரித்து, தையல்களின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பட்டியை விரலால் தடவிப் பார்க்கவேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

தரப்பாளில் இந்த மூச்சுப் பிரச்சினை இல்லை. காற்று சும்மா போய்வருவதால் ஆவி தங்குவதில்லை. காலையில் கழற்றி நான்கு தடவை உதறினால் பாதி காய்ந்துவிடும். நனைந்த கூடாரத்தை மடித்து இரண்டாம் நாள் சுமப்பவருக்குத்தான் இதன் அருமை தெரியும். இன்னொன்று: அதற்குக் கீழே அடுப்பு மூட்டலாம். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவது தீயாலும் காபனோரொட்சைட்டாலும் உயிரோடு விளையாடுவது. தரப்பாளின் திறந்த பக்கத்தில் மழையைப் பார்த்துக்கொண்டே வெறுந்தேநீர் காய்ச்சிக் குடித்த ஒரு மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடையில் வாங்கும் அடுப்புக் குப்பிகளில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அதன் கொதிநிலை கழித்தல் அரைப் பாகை. உறைபனி விழும் விடியலில் குப்பியைக் குலுக்கினால் சத்தம் கேட்கும், சுவாலை வராது. இரவில் அதைத் தூங்குபையின் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் காடுகளில் விறகு மூட்டும் எண்ணமே வேண்டாம்.

தரப்பாள் என்னைக் கைவிட்ட இரவு நக்கிள்ஸில், மீமுரேக்கு மேலே. மாலையில் காற்று கிழக்கிலிருந்து வந்தது. அம்மா சொன்னபடி அந்தப் பக்கத்தை நிலத்தோடு இறக்கி, மேற்கைத் திறந்துவிட்டுச் சாய்கூரையாகக் கட்டியிருந்தேன். மேற்கே பள்ளத்தாக்கு. காட்சிக்கு ஆசைப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். இரவு இரண்டு மணி இருக்கும், துணி படபடக்கும் சத்தத்தில் விழித்தேன். காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி, திறந்த வாய் வழியே புகுந்து தரப்பாளைப் பாய்மரம்போல ஊதிக்கொண்டிருந்தது. பின்பக்க முளையொன்று ஈர மண்ணிலிருந்து மெல்ல மெல்ல நழுவுவதைத் தலைவிளக்கின் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூங்குபைக்குள்ளிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை. முளை பிடுங்கிக்கொண்டது. அடுத்த கணம் நனைந்த நைலோன் என் முகத்தில் அப்பியது. நடுங்கிக்கொண்டே எழுந்து, முளையை வெளிப்புறம் சரித்து அடித்து, மேலே ஒரு கல்லையும் வைத்து, திறந்திருந்த பக்கத்தையும் இறக்கி இருபுறமும் சரிந்த கூரையாக மாற்றிக் கட்ட இருபது நிமிடம் ஆனது. கூடாரத்தில் இருந்திருந்தால் புரண்டு படுத்திருப்பேன். மறுநாள் இறங்கும்போதுதான் ஒன்று உறைத்தது: தரப்பாள் பிழைவிடவில்லை. காட்சிக்காக வாயைத் திறந்துவிட்டவன் நான். மலைப்பள்ளத்தாக்கில் காற்று இரவில் ஒரே திசையை நம்பி இராது.

அதனால் குளிர்காலத்துக்கு ஒரு கட்டுமுறைதான்: இருபுறமும் நிலத்தைத் தொடும் கூரை வடிவம், தாழ்வாக. இங்கே ஒரு சிறிய கணக்கு பயன்படும். மூன்று மீட்டர் அகலத் துணியின் நடுமுகட்டை 120 சென்ரிமீட்டர் உயரத்தில் கட்டினால் கீழே கிடைக்கும் அகலம் 180 சென்ரிமீட்டர். முகட்டை 90 சென்ரிமீட்டருக்கு இறக்கினால் அகலம் 240 ஆகிவிடும். தாழ்த்தினால் காற்றும் குறைவு, இடமும் அதிகம்; குனிந்து நுழையவேண்டியது மட்டும்தான் விலை. நீளம் மூன்று மீட்டர், ஆளின் நீளம் 170 என்றால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பக்கத்துக்கு அறுபது, அறுபத்தைந்து சென்ரிமீட்டர் மிஞ்சும். சாரல் அடிப்பது அந்த இடத்தில்தான். காற்று வரும் முனையில் முகட்டை இன்னும் இறக்கி வாயை ஒடுக்கிவிட்டு, முதுகுப்பைகளை அங்கே அடுக்கலாம்.

தரைத்துணி கூரையின் ஓரத்துக்கு வெளியே ஒரு விரல்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் கூரையிலிருந்து வடியும் நீரை அதுவே ஏந்தி உங்கள் முதுகுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நைலோன் துணி நனைந்தால் இளகி நீளும் என்பதால் படுக்கப்போகும் முன் கயிறுகளை இன்னொருமுறை இறுக்கவேண்டும். பொலியெஸ்ரர் அவ்வளவு இளகாது. அம்மாவின் இன்னொரு அறிவுரை, சுற்றிவரக் கான் வெட்டுவது. வளவுக்குள் அது சரி. பாதுகாக்கப்பட்ட காட்டில் மண்ணை வெட்டக் கூடாது. எனவே மேட்டைப் பார்த்துப் படுக்கவேண்டியதுதான்.

இந்த இடத்தில் இலேசுச் சுமைக்காரர்கள் வழக்கமாக ஒரு பெயரைச் சொல்வார்கள்: எமா கேற்வூட். 1955இல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையை, அதாவது 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை, தனியாக நடந்து முடித்த பாட்டி. அவர் கொண்டுபோன கூரை, குளியலறைத் திரைச்சீலை ஒன்று. கதை உண்மைதான். ஆனால் அவர் நடந்தது மேயிலிருந்து செப்ரெம்பர்வரை. வழியில் பல இரவுகள் நடைபயணிகளுக்கான குடில்களிலும் முன்பின் தெரியாதவர்களின் வீடுகளிலும் தங்கினார். அந்தத் திரைச்சீலையைக் காட்டித் தை மாத மலைக்கு யாரையும் அழைத்துப் போகாதீர்கள்.

நிறைக்கு வருவோம், ஏனென்றால் தரப்பாள் விற்பவர்களின் பெரிய பொய் இங்கேதான் இருக்கிறது. "மூன்று கிலோவுக்குப் பதில் அரைக் கிலோ" என்பார்கள். இருவருக்கு நானே நிறுத்துப் பார்த்தேன். துணி 450 கிராம். கயிறும் எட்டு முளையும் 250. தரைக்கு ஒரு பொலித்தீன் விரிப்பு 250. சாரலுக்காகத் தூங்குபைக்கு மேலே போட்டுக்கொள்ளும் மெல்லிய உறை, ஆளுக்கு 250 வீதம் 500. மொத்தம் ஒரு கிலோ 450 கிராம். கூடாரத்தோடு ஒப்பிட்டால் மிச்சம் ஒன்றரைக் கிலோ; ஆளுக்கு முக்கால் கிலோ. ஹோர்ட்டன் சமவெளியில் இந்த உறை இல்லாமலும் ஓர் இரவு சமாளிக்கலாம், நக்கிள்ஸில் முடியாது.

அந்த முக்கால் கிலோவை மிச்சம் பிடித்துவிட்டோம் என்று மகிழ்வதில்தான் பலர் தவறுகிறார்கள். குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்து வருவது மோசம். தூங்குபையின் அடிப்பக்கம் உடம்பின் பாரத்தில் நசுங்கிவிடுவதால் அது சூட்டைப் பிடித்துவைக்காது. நிலம் இரவு முழுவதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுற்றுலா போகிறவர்கள் விரிக்கும் மெல்லிய பாய் ஒன்று போதாது. நுரைப்பாய் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். இரண்டாவது பாயின் நிறை 400 கிராம். மிச்சம் பிடித்த நிறை இப்படிப் பாதியாகிவிடும், பரவாயில்லை. ஹட்டன் நண்பனின் பாட்டி கொழுந்து பறித்த காலத்தில் மழைக்கும் குளிருக்கும் கம்பளியைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மலையேறுவாராம். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும் என்பது தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இறகுத் தூங்குபைக்கு அந்தக் குணம் இல்லை. நனைந்தால் அது ஈரப் பஞ்சு மூட்டை. தரப்பாளுக்குக் கீழே படுப்பதென்றால் செயற்கை இழைத் தூங்குபையே பத்திரம், நிறை கொஞ்சம் கூடினாலும்.

புறக்கோட்டையில் கிடைக்கும் நீலத் தரப்பாளைப் பற்றியும் கேட்பார்கள். அதே அளவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ, விலை மிகக் குறைவு, நீர் புகாது. மடித்தால் தலையணை அளவுக்குப் பருமன், காற்றில் இரவு முழுவதும் சரசரவென்று சத்தம், ஓரத்து வளையங்கள் இரண்டு இரவில் கழன்றுவிடும். வளையத்தை நம்பாமல், துணிக்குள் ஒரு கூழாங்கல்லை வைத்து அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டுக் கட்டினால் நிற்கும். இதுவும் அம்மா காட்டியதுதான். பழகுவதற்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. முதல் தடவையே விலை உயர்ந்ததை வாங்கி அதில் முடிச்சுப் போடப் பழகுவது வீண்.

தொங்கு படுக்கைக்காரனுக்கு: குளிர்காலத்தில் அது முதுகை உறைய வைக்கும், ஏனென்றால் கீழே நிலம்கூட இல்லை, காற்று. அடியில் தனியாக ஒரு மெத்தைப் போர்வை கட்டவேண்டும். மேலே எப்படியும் தரப்பாள் வேண்டும். சமவெளியின் புல்வெளியில் மரம் மிகக் குறைவு. இருக்கும் இடத்தில் அந்த மரங்களில் பட்டி கட்டுவது நல்லதல்ல. நக்கிள்ஸின் உயரமான பகுதிகளில் இருப்பதோ ஆளுயரக் குட்டை மரங்கள். அட்டைக்குத் தப்பலாம் என்பது உண்மை. அட்டைக்காக மட்டும் என்றால், காலுறைக்கு மேல் நெருக்கமாக நெய்த துணியில் ஒரு அட்டையுறை தைத்துக்கொள்வது மலிவு.

விலங்குகள் பற்றி இரண்டு வரி. சமவெளியில் மரைகள் மனிதருக்குப் பழகிவிட்டன; சாப்பாட்டு மணத்துக்கு அருகே வரும். சிறுத்தையும் அங்கே இருக்கிறது. தரப்பாளுக்குக் கீழே உணவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கவேண்டாம்.

இவ்வளவையும் அலசிய பிறகு, கேள்வியே கொஞ்சம் பிழையாகக் கேட்கப்பட்டிருந்தது என்று தோன்றுகிறது. தரப்பாளா கூடாரமா என்பதற்கு முன், எந்த இடம், எந்தத் திகதி என்று தீர்மானிக்கவேண்டும். தைப்பொங்கலுக்கு நக்கிள்ஸின் கிழக்குப் பக்கம் என்றால் மழைக்கு வாய்ப்பு அதிகம். ஆறு மணிக்குச் சற்றுப் பிறகு இருட்டி, காலை ஆறரைக்குத்தான் விடியும். ஈரத்தில் பன்னிரண்டு மணி நேரம் சுருண்டு கிடக்கவேண்டும். அதற்குக் கூடாரம்தான், அதுவும் தையல் சோதித்த கூடாரம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த மாவட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் கூடாரமும் வேண்டாம், பயணமும் வேண்டாம். அதே நக்கிள்ஸ் மாசியில், மழை ஓய்ந்தபின், காற்று மறைவான மர ஓரத்தில் என்றால் தரப்பாளைப்போல இன்பமானது எதுவுமில்லை. படுத்தபடியே காடு முழுவதையும் கேட்கலாம்.

ஹோர்ட்டன் சமவெளியில் தெரிவு அதிகம் இல்லை. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் ஒதுக்கிய முகாமிடங்களில், முன்கூட்டியே பதிவு செய்து மட்டுமே தங்கலாம். "பள்ளத்தை விட்டு மேலே போய்ப் படு" என்ற என் அறிவுரையை அங்கே முழுதாகப் பின்பற்றமுடியாது. கொடுத்த இடத்தில் படுக்கவேண்டும். கறுத்த, ஈரம் குடித்த மண்ணில் சிறிய முளைகள் பிடிக்காது. நீளமான முளைகள் வேண்டும். தானாக நிற்கும் கூடாரம் அங்கே ஒரு படி மேல். தரப்பாள்காரன் நானே இதைச் சொல்கிறேன்.

ஆக, நாங்கள் முடிவெடுத்தது இது. பொங்கலுக்கு நால்வரும் ஹோர்ட்டன் சமவெளி, வாடகைக் கூடாரம் இரண்டு. இரண்டு வாயில்களும் எதிரெதிரே இருக்கும்படி நிறுத்தி, நடுவில் என் தரப்பாளை முற்றமாகக் கட்டி, அதற்குக் கீழே சமைக்கிறோம். தொங்கு படுக்கை வெள்ளவத்தையிலேயே இருக்கட்டும் என்று மூன்றுக்கு ஒன்று வாக்கில் தீர்மானம். பெப்ரவரி 4 விடுமுறைக்கு நானும் இன்னொருவனும் தரப்பாளோடு நக்கிள்ஸ் போகிறோம், வானிலை அவதான நிலையத்தின் முன்னறிவிப்பைப் பார்த்தபிறகு. ஹட்டன் நண்பன் இரண்டாவது பயணத்துக்கு வரமாட்டான். மீமுரேயில் ஒரு வீட்டில் தங்கி, சுடச்சுடச் சோறு சாப்பிட்டு, காலையில் எங்களைத் தேடி வருவதாகச் சொல்லியிருக்கிறான். பாயில் ஒன்றைத் தருகிறான், அது போதும்.

சமவெளிக்கு வனஜீவராசிகள் திணைக்களம், நக்கிள்ஸுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களம், இரண்டின் தலைமையகமும் பத்தரமுல்லையில்தான். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு இரண்டு அனுமதியையும் ஒரே அலைச்சலில் விசாரித்துவிட்டு வரவேண்டும். சீட்டுக் குலுக்கியதில் என் பெயர் விழுந்திருக்கிறது.